ஆறு நாள் கழித்து வந்த பதில்

2018 பெப்ரவரிக் கடைசியில் அம்பாறை நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், சிங்கள வாடிக்கையாளர் ஒருவரின் கறியில் கட்டியாக ஏதோ அகப்பட்டது. கூட்டம் சேர்ந்துவிட்டது. காசு மேசையில் இருந்த முஸ்லிம் இளைஞரைச் சுற்றி நின்று, மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் அரைகுறை. மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஓம், போட்டோம் என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டார். அதை ஒருவர் போனில் பிடித்தார். அன்றிரவே கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வீடியோ நாடு முழுக்கப் போனது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்து, அது வெறும் மாவுக்கட்டி என்றது. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை உலகத்திலேயே கிடையாது என்று வைத்தியர்கள் விளக்கினார்கள். வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த விளக்கத்தையும் பகிர்ந்தார்கள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

அதற்குச் சில நாள் முன்னர்தான், கண்டி மாவட்டம் தெல்தெனியப் பக்கம், வீதியில் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்தில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து மார்ச் ஆரம்பத்தில் அவர் இறந்துபோனார். அடித்தவர்களைப் பொலிஸ் பிடித்திருந்தது. நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்காக நடந்து முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அம்பாறை வீடியோ ஏற்கெனவே எல்லார் கையிலும் இருந்தது. முஸ்லிம்கள் நம் இனத்தை அழிக்கப் பார்க்கிறார்கள் என்று அந்த வீடியோவைப் பார்த்து முடிவுகட்டியவர்களுக்கு, சாரதியின் மரணம் அதற்கான அத்தாட்சியாகிவிட்டது. மகாசோன் பலகாய என்ற அமைப்பின் தலைவர் அமித் வீரசிங்க, திகன கடைவீதியில் நடந்துகொண்டே எந்தக் கடை யாருடையது என்று எண்ணிக் காட்டிய வீடியோ அந்த நாட்களில்தான் சுற்றியது.

மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று பரவியது. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் செத்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை. 2011க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 7ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாவற்றையும் அரசு முடக்கியது.

நான் கண்டியில் வளர்ந்தவன். முடக்கம் வருவதற்கு முந்தின நாட்களில் ஒருமுறை, எனக்குப் பழக்கமான இரும்புக்கடை நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். சிங்களத்தில் எந்த வாடிக்கையாளரோடும் பேரம் பேசி ஜெயிப்பார். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வராது.

"தம்பி, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. எங்கட குரூப்புல யாரோ போட்டீக்கி."

ஒரு ஸ்கிரீன்ஷாட். யாருடைய பேஸ்புக் பக்கத்திலிருந்தோ எடுத்தது. சிங்களத்தில் ஒரு பட்டியல். ஊர்ப்பெயர், கடைப்பெயர், கடைக்கு எதிரே என்ன இருக்கிறது என்ற அடையாளம். பஸ் தரிப்பிடம், பாமசி, அரச மரம். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அடியில், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு வரி.

"நம்மட கட ஈக்கா?"

இல்லை என்றேன். "அப்ப சரி" என்றவர், உடனே, "எங்க சரி? மச்சான்ட கட ஈக்குமே, திருப்பிப் பாருங்க" என்றார். இருந்தது.

வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்துவது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. அதில் ஒரு வசவுச் சொல் கிடையாது. தடைசெய்த சொற்களின் பட்டியலை வைத்துத் தேடும் எந்த இயந்திரமும் அதைப் பார்த்துவிட்டு, வியாபார விளம்பரம் என்று கடந்து போயிருக்கும். அது கொலைமிரட்டல் என்று புரிய, அந்தக் கிழமை கண்டியில் என்ன நடந்தது என்று தெரிந்த, சிங்களம் வாசிக்கிற ஒரு ஆள் வேண்டும்.

அப்படி ஒரு ஆள் பேஸ்புக் பக்கத்தில் இருந்தாரா? நம்பகமான சாட்சி ஒன்று இருக்கிறது. 2018 ஏப்ரலில் இலங்கையின் சிவில் சமூக அமைப்புகள் சில சேர்ந்து மார்க் சக்கர்பேர்க்குக்கு ஒரு திறந்த மடல் எழுதின. கொழும்பிலுள்ள ஆய்வு அமைப்பான மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் அவற்றில் ஒன்று. மடலில் உதாரணம் காட்டப்பட்ட ஒரு சிங்களப் பதிவு, முஸ்லிம்கள் எல்லாரையும் கொல்லுங்கள், கைக்குழந்தையைக்கூட விடாதீர்கள், அவர்கள் நாய்கள் என்றது. இதற்கு உட்பொருளும் தேவையில்லை, ஊர்ச் சூழலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 7ஆம் திகதி, அதாவது கண்டியில் ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒருவர் அதை ரிப்போர்ட் பண்ணியிருக்கிறார். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது: இந்தப் பதிவு எங்கள் சமூக விதிகள் எதையும் மீறவில்லை.

அந்தப் பதிலை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பேஸ்புக் வெறுப்பை ஆதரித்தது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வசனத்தை வாசித்த எவரும், அவர் எந்தக் கம்பனியின் சம்பளத்தில் இருந்தாலும், அப்படி ஒரு பதிலை அனுப்பியிருக்க மாட்டார். யாரும் வாசிக்காமலே முடிவு எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் நாள்தோறும் எழுதும் ஒரு மொழியில் கடையைத் திறந்து விளம்பரக் காசும் எடுத்துக்கொண்டு, அந்த மொழியை வாசிக்கப் போதிய ஆளை வைக்காமல் விட்டார்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் நடந்ததும் அல்ல. 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். அதே வருடம் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 20 சிங்கள பேஸ்புக் குழுக்களை எடுத்து ஆராய்ந்து, அங்கே என்ன மாதிரிப் பேச்சு ஓடுகிறது என்று அறிக்கையே போட்டது. கம்பனிக்கு நாலு வருடம் இருந்தது. 2020 மே மாதத்தில்தான், தானே ஒரு வெளி நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த மனித உரிமை ஆய்வை வெளியிட்டு, 2018 சம்பவங்களில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு இலங்கைக்கு வந்து சேர்ந்த நேரம் எல்லாரும் கொரோனா பயத்தில் வீட்டுக்குள் இருந்தோம். பேப்பரில் ஒரு மூலையில் வந்தது.

2021இல் பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் வெளிக்கொண்டுவந்த உள்விவகார ஆவணங்களில் ஒரு கணக்கு இருந்தது. பொய்த்தகவலை இனங்காணும் வேலைக்கு ஒதுக்கிய நேரச் செலவில் 87 வீதம் அமெரிக்காவுக்கு. மிச்ச உலகம் முழுவதற்கும் 13. அது முழுக்கணக்கு அல்ல, வெளிநாடுகளில் உள்ள தகவல் சரிபார்ப்பாளர்களை அதில் சேர்க்கவில்லை என்று கம்பனி மறுத்தது. சேர்த்துத்தான் பார்ப்போம். பாவனையாளர்களில் பத்தில் ஒன்பது பேர் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற கம்பனிக்கு, எவ்வளவு சேர்த்தாலும் அந்தக் கணக்கு நேராக வராது.

இதில் தமிழர்களுக்கு ஒரு விசித்திர அனுபவம் உண்டு. விடுதலைப் புலிகள் இயக்கம் பேஸ்புக்கின் ஆபத்தான அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. மாவீரர் நாள் வரும் நவம்பர் பிற்பாதியில் கொடியோ ஒரு குறிப்பிட்ட முகமோ உள்ள படத்தைப் போட்டால், அது செய்தியாக இருந்தாலும், செத்த பிள்ளையை நினைத்து அழும் அம்மாவின் பதிவாக இருந்தாலும், சடுதியில் காணாமல் போய்விடும். கணக்கே போனவர்களும் உண்டு. குழந்தையைக் கொல்லச் சொன்ன வசனம் ஆறு நாள் கிடந்து, பிறகும் தப்புகிறது. படத்தை இயந்திரம் கண்டுபிடித்துவிடும், செலவு குறைவு. வசனத்தை மனிதர்தான் வாசிக்க வேண்டும், மனிதருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எது நீக்கப்படும், எது நிற்கும் என்பதைக் கொள்கையைவிட இந்தச் செலவுக் கணக்குத்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சிங்களத்தை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் தமிழ்ப் பக்கங்களில் முஸ்லிம்களைப் பற்றி எழுதப்பட்டவை, சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனாக்காரரின் பேச்சுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. 'தொப்பி பிரட்டி' என்று எழுதினால் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒரு தமிழ் வாசகருக்கு என்ன விளங்கும்? தொப்பியைத் திருப்பிப் போடுகிறவன், அவ்வளவுதான். மட்டக்களப்பிலோ மன்னாரிலோ இருப்பவருக்கு அது ஒரு சமூகத்தையே துரோகி என்று சொல்லும் வசை. மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்பதும் அப்படித்தான். மலையகத்தில் பிறந்து வளர்ந்த என்னை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அப்படி அழைத்த அன்று எனக்கு வயது பதினேழு, இப்போதும் அவர் முகம் நினைவிருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி என்பதால் தமிழுக்கு ஆள் வைப்பார்கள், இந்தியச் சந்தை பெரிது. வைக்கிற ஆளுக்கு இலங்கைத் தமிழ் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கம்பனி வாசிக்கவில்லை. அரசு என்ன செய்தது?

அரசிடம் சட்டம் இல்லாமல் இல்லை. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை ஒட்டி 2007இல் கொண்டுவந்த ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைப் பரப்பி வன்முறைக்குத் தூண்டுவதைப் பத்து வருடம் வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. நீதவானிடம் பிணை கிடையாது. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாசித்துப் பார்த்தால் நல்ல சட்டம். 2018 மார்ச்சில் அமித் வீரசிங்கவையும் அதன் கீழ்தான் பிடித்தார்கள், சில மாதங்களில் பிணையில் வந்தார். அதன் பிறகு அந்தச் சட்டம் யாரைத் தேடிப் போனது என்பதுதான் கதை.

2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரைப் பிடித்தார்கள். பேஸ்புக்கில் அவர் போட்ட சிறுகதை ஒன்று பிக்குகளை அவமதிக்கிறது என்பது முறைப்பாடு. நாலு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அடுத்த மாதமே ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். அவர் போட்டிருந்த உடுப்பில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச் சக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். சுக்கானுக்கும் தர்மச் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியாத பொலிஸ் நிலையத்தின் கையில், வெறுப்புப் பேச்சு எது என்று தீர்மானிக்கும் அதிகாரம்.

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் உலுக்கியது றம்சி ராசிக்கின் கதை. கட்டுகஸ்தோட்டைக்காரர், ஓய்வுபெற்ற அரச அதிகாரி. இனங்களுக்கிடையே நல்லிணக்கம் வேண்டும் என்று சிங்களத்தில் தொடர்ந்து எழுதியவர். முஸ்லிம்களுக்குள் இருக்கும் தீவிரப் போக்கையும் கண்டித்தவர். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கிறார்கள் என்ற கொதிப்பு ஏறிக்கொண்டிருந்த நேரம், பேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினார். பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு ஒரு சிந்தனைப் போராட்டம் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். போராட்டம் என்பதற்கு அவர் எழுதிய சொல் ஜிஹாத். பேனாவும் விசைப்பலகையும் யார் கண்ணிலும் படவில்லை. கொலை மிரட்டல்கள் குவிந்தன. அந்த மிரட்டல்களைப் பற்றி அவர் பொலிஸில் முறைப்பாடு செய்தார். பிறகு பொலிஸ் வந்தது, அவரையே கைது செய்துகொண்டு போனது.

ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியல், அதுவும் கொரோனாக் காலச் சிறையில், நோயோடு. செப்டம்பரில்தான் பிணை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அந்தக் கைதும் தடுத்துவைப்பும் அவருடைய அடிப்படை உரிமைகளை மீறியவை என்று தீர்ப்புச் சொல்லி, அரசு அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. மூன்றரை வருடம் கழித்து.

வெறுப்பைத் தண்டிக்கும்போது எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 2012இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் கூட்டிய நிபுணர்கள் மொரோக்கோவின் ரபாத் நகரில் ஆறு அளவுகோல்களை வகுத்தார்கள். சூழல் என்ன, பேசியவர் யார், அவருடைய நோக்கம் என்ன, என்ன வடிவத்தில் என்ன சொன்னார், எவ்வளவு தூரம் பரவியது, அதனால் தீங்கு விளையும் சாத்தியம் எவ்வளவு. லட்சத்துக்கு மேல் பின்தொடர்பவர்களைக் கொண்ட ஒரு அமைப்பின் தலைவர், சாவு வீட்டுச் சூடு ஆறுமுன் கடைவீதியில் நின்று கடைகளை எண்ணுவது ஆறிலும் தேறும். ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் விசைப்பலகையை எடுங்கள் என்று எழுதுவது ஒன்றில்கூடத் தேறாது. ஆனால் அரசைப் பொறுத்தவரை இவர்களில் யாரை உள்ளே வைப்பது லேசு என்பதே அளவுகோலாகிவிடுகிறது. பெரும்பான்மையின் பேரில் வெறுப்பைக் கக்குகிறவருக்குப் பின்னால் வாக்கு இருக்கிறது.

சட்டத்தைப் பிழையாகப் பிரயோகித்தார்கள், சட்டத்தில் குறை இல்லை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை அவர்களுக்கு நினைவூட்டுவேன். தமிழில் அவர் எழுதிய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். கவிதைகளோ வன்முறைக்கு எதிரானவை. ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்துப் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. சிங்களம் வாசிக்காத கம்பனி கலிபோர்னியாவில் இருந்தது. தமிழ் வாசிக்காத விசாரணை அதிகாரிகள் கொழும்பிலேயே இருந்தார்கள்.

முடக்குவது என்ற வழியும் அரசுக்கு உண்டு. அது சுகமான வழி. ஒரு உத்தரவு போதும். 2018 மார்ச்சில் ஒரு கிழமைக்கு மேல் முடக்கினார்கள். கண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒருவருக்கொருவர், முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் செயலிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், கல்லெறிந்தவர்களுக்கு மட்டும் அது தெரியாமல் போயிருக்குமா? இரும்புக்கடை நானாவுக்கு விபிஎன் போடத் தெரியாது. அக்குறணையில் இருந்த மகள் வீட்டு நிலவரத்தை அறிய வாட்ஸ்அப்தான் அவருக்கு வழி, அது போயிற்று. 2019இல் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒன்பது நாள் போல முடக்கினார்கள். திறந்த கையோடு மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி, அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்கிற அர்த்தத்தில் எழுதியது, சிங்களவருக்கான எச்சரிக்கை என்று புரிந்துகொள்ளப்பட்டு அவர் கடை தாக்கப்பட்டது. மறுநாள் குளியாப்பிட்டிய, மினுவாங்கொடை என்று தாக்குதல் பரவியது. மறுபடி முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு தடவை முடக்கினார்கள். அப்போது எந்த இனமும் எந்த இனத்தையும் தாக்கவில்லை. மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத சனம் அன்றைய ஜனாதிபதியைப் பார்த்து, கோத்தாபயவே, வீட்டுக்குப் போ என்று எழுதிக்கொண்டிருந்தது, அவ்வளவே. வெறுப்பைத் தடுக்க என்று பழக்கப்படுத்திய கருவி எதற்குப் பயன்படும் என்று அன்று தெரிந்தது. ஒரு நாள்கூட நிலைக்காமல் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து வந்தது, இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2023 செப்டம்பரில் சட்டமூலமாக வர்த்தமானியில் வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட மனுக்கள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போயின. ஏராளமான வாசகங்களைத் திருத்தினால்தான் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நடுவே சபாநாயகர் பெப்ரவரி 1ஆம் திகதி கையெழுத்திட்டார். பெண்களையும் சிறுவர்களையும் இணையத்தில் பாதுகாக்கத்தான் என்றார்கள். அந்தத் தேவை பொய்யல்ல. போலிக் கணக்கில் தன் படத்தைக் கண்டு பொலிஸுக்கு அலைந்த பெண்களை எனக்கே தெரியும்.

ஆனால் சட்டத்தின் இதயம் வேறெங்கோ இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட ஒரு ஆணைக்குழு. நியமிப்பவர் ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் சம்மதத்தோடு. எது 'பொய்யான கூற்று' என்று அந்த ஐந்து பேர் பார்ப்பார்கள். நீக்கச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். எழுதியவருக்கு வருடக்கணக்கில் சிறை. சிங்கப்பூரில் 2019இல் வந்த சட்டத்தின் சாயல் இதில் தெரிகிறது. தமிழோ சிங்களமோ வாசிக்க எத்தனை பேரை வைத்திருக்கிறாய், ஒரு முறைப்பாட்டுக்குச் சராசரி எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்கிறாய் என்று கம்பனியிடம் கேட்கும் ஒரு விதியையும் அதில் நான் காணவில்லை. ஆறு நாள் கழித்து வந்த அந்தப் பதில் இன்று வந்தாலும், இந்தச் சட்டம் தேடிப் போவது அந்த வசனத்தை எழுதியவரையோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோபமாகப் பகிர்ந்தவரையோதான். பதில் அனுப்பிய அமைப்பை அல்ல.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எழுதுகிறவனைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, வாசிக்க வேண்டிய கடமையைக் கம்பனியின் தலையில் கட்டுங்கள். கொலைக்குத் தூண்டுகிறவனைப் பிடிக்கப் பழைய சட்டங்களே போதும், பிடிக்க மனம்தான் வேண்டும்.

இது வெறும் ஆசை அல்ல, செய்து காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பெரிய தளங்களிடம் ஒரு எளிய கணக்கைக் கேட்கிறது: ஒன்றியத்தின் ஒவ்வொரு உத்தியோக மொழிக்கும் பதிவுகளைப் பரிசீலிக்க உன்னிடம் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள்? எண்ணை வெளியிடு. 2023 கடைசியில் முதல் அறிக்கைகள் வந்தன. முன்பு ட்விட்டர் என்றிருந்த எக்ஸ் தளத்தில் ஆங்கிலத்துக்கு 2294 பேர். போலந்து மொழிக்கு ஒரே ஒருவர். ஏறத்தாழ நாலு கோடி சனத்தின் மொழிக்கு ஒரு ஆள்! போலந்துப் பத்திரிகைகள் அதை எடுத்துத் தலைப்புப் போட்டன. 2024 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் எக்ஸ் நிறுவனத்திடம், பரிசீலனைக் குழுவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது ஏன், ஒன்றியத்தின் 11 மொழிகளைக் கவனித்தது 7 ஆகச் சுருங்கியது ஏன் என்று எழுத்தில் விளக்கம் கேட்டது. எந்தப் பதிவை நீக்கு, எதை விடு என்று ஆணையம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரையும் சிறையில் போடவில்லை. மொத்த வருமானத்தில் 6 வீதம் வரை அபராதம் போடலாம் என்பது மட்டும் பின்னால் நிற்கிறது.

சிங்களம் வேறெந்த நாட்டிலும் பெருந்தொகையாகப் பேசப்படாத மொழி. அதற்கு ஆள் வை என்று கேட்க உலகத்தில் கொழும்பை விட்டால் வேறு தலைநகரம் கிடையாது. இலங்கைத் தமிழுக்கும் அப்படித்தான். டில்லி அதைக் கேட்கப் போவதில்லை. 2025 ஜனவரியில் பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டா, அமெரிக்காவில் தகவல் சரிபார்ப்பாளர்களை நிறுத்துவதாகவும் வெறுப்புப் பேச்சு விதிகளைத் தளர்த்துவதாகவும் அறிவித்ததைப் பார்த்தால், கம்பனி தானாகத் திருந்தி வரும் என்று காத்திருப்பவரின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு ஆட்சி மாறிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்துகிறவர்களுக்கு நான் கேட்பது சிறிய விஷயங்கள். சிங்களத்துக்கும் தமிழுக்கும் தனித்தனியாக ஆள் கணக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பகிரங்கமாக. இலங்கைத் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்றும் அதில் பிரித்துக் காட்ட வேண்டும். முறைப்பாட்டை வாசித்தது மனிதரா இயந்திரமா என்று பதிலிலேயே இருக்க வேண்டும். நீக்கினாலும் நீக்காவிட்டாலும், முறைப்பாடு எழுதப்பட்ட மொழியில் காரணம் சொல்ல வேண்டும். அண்மையில் ஒரு தளத்தில் தமிழ்ப் பதிவு ஒன்றை நான் ரிப்போர்ட் பண்ணியபோது வந்த பதிலை வாசித்து, நீக்கினார்களா விட்டார்களா என்றே எனக்குப் புரியவில்லை, அவ்வளவு அழகான தமிழ். ஆராய்ச்சியாளர்களுக்குத் தரவைத் திறந்துவிட வேண்டும், 2014இல் 20 குழுக்களைக் கையால் எண்ணியது போல இனியும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஐந்து பேர் ஆணைக்குழு ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றால், அது இந்தக் கணக்குகளைச் சோதிக்கட்டும். கவிதையைச் சோதிக்க வேண்டாம்.

இதை ஒரு சட்டத்தரணி நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். "அண்ணை, ரெண்டு கோடிச் சனம் உள்ள நாடு. வருமானத்தில வீதம் கேட்டா, சிங்களச் சேவையே வேண்டாம் எண்டு மூடிப்போட்டுப் போயிருவாங்கள். பிறகு என்ன செய்வீங்க?"

போகட்டும் என்றேன். இந்த மொழியில் விளம்பரம் விற்போம், வாசிக்க மட்டும் மாட்டோம் என்று அவர்கள் பகிரங்கமாக எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகட்டும். இதுவரை அதையாவது எழுத்தில் யாரும் வாங்கியதில்லை. நண்பர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அபராதத்தை மொத்த வருமானத்தில் கேட்காமல் இலங்கையிலிருந்து எடுக்கும் விளம்பர வருமானத்தில் கேட்டால் நீதிமன்றத்தில் நிற்கும் என்றார். ஆனால் அந்த வருமானம் எவ்வளவு என்று முதலில் அவர்கள் சொல்ல வேண்டுமே என்றும் அவரே சொன்னார். ஆக, அந்தக் கணக்கையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.